சூசைமாணிக்கம் பேசாதிருந்த வருடம்

தேன்மட்டம் எஸ்டேட்டுக்கு சிக்னல் வந்ததற்குக் காரணம் சூசைமாணிக்கத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டதுதான், வேறெதுவும் இல்லை. அதுவரைக்கும் அந்த மலையில் எல்லார் கையிலும் போன் இருந்தது. மணி பார்க்க, டார்ச் அடிக்க, திருவிழாவில் படம் பிடிக்க, பிடித்த படத்தை வருஷம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க என்று அதற்கு ஆயிரம் உபயோகம் இருந்தது, பேசுவது ஒன்றைத் தவிர. பேச வேண்டுமானால் வளைந்து வளைந்து இறங்கும் பஸ்ஸில் வாந்தியை அடக்கிக்கொண்டு டவுனுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகிற சூசைமாணிக்கத்திடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், அவர் பஸ் ஸ்டாண்டு ஓரமாக நின்று எல்லாருக்காகவும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசி, பதிலை வாங்கிக்கொண்டு, சாயங்கால பஸ்ஸில் மலையேறி வந்து வீடு வீடாகச் சொல்வார்.

சொல்வார் என்று சும்மா சொல்லிவிட்டால் போதாது. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன பிலோமினாவின் மகன், "நல்லா இருக்கேன்னு சொல்லுங்க மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்திருப்பான். அந்த ஒரு வரி மலையேறி வந்து சேர்வதற்குள், அவன் மதியம் சாப்பிட்ட குழம்பும், உடம்பில் ஏறியிருக்கிற சதையும், அம்மாவை விசாரிக்கும்போது குரல் தழுதழுத்த விதமும், போட்டிருந்த நீலச் சட்டையும் அதோடு சேர்ந்துவிடும். போனில் பேசியவருக்குச் சட்டையின் நிறம் எப்படித் தெரிந்தது என்று பிலோமினா ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்கு அந்தச் சட்டை வேண்டியிருந்தது.

அவருக்கு மருந்தடிக்கிற வேலை. முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகும்போதும், ராத்திரி தூக்கத்திலும்கூட வாய் ஓயாது, கூட ஆள் இல்லையென்றால் செடியிடம் பேசுவார், காலில் ஏறுகிற அட்டையிடம் பேசுவார், பாதையை மறித்து நிற்கிற காட்டுமாட்டைப் பார்த்து, "என்ன, குடும்பத்தோட கிளம்பியாச்சா?" என்று விசாரிப்பார், அதுவும் மரியாதையாக ஒதுங்கி வழிவிடும். மூடுபனி இறங்கிவிட்டால் நீட்டிய கை தெரியாத அந்த ஊரில், காலையில் வேலைக்குப் போகிறவர்கள் அவர் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள். சத்தம் இடது பக்கம் திரும்பினால் பாதை திரும்புகிறது என்று அர்த்தம். சத்தம் நின்றால் முன்னால் யானை நிற்கிறது என்று அர்த்தம்.

அவர் மனைவி மதலேன், மகள் ஜெசிந்தாவுக்கு நினைவு தெரிவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். வண்டிக்குச் சொல்ல ஓடியவன் டவுனை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கு சூசைமாணிக்கம் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் மேல் லைனுக்குப் பின்னாலிருக்கும் பாறையில் ஏறி நின்று பள்ளத்தாக்கைப் பார்த்துக் கத்தினார் என்றும், அந்தச் சத்தத்தில் எதிர் மலையில் பறவைகள் எழுந்து பறந்தன என்றும், டவுனில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை என்றும் சொல்வார்கள். பிறகு மகளை அவர்தான் வளர்த்தார், பேசிப் பேசியே வளர்த்தார். அம்மா சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாள், முன்பல்லில் இடைவெளி, ரசத்தில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டு இல்லையென்று சாதிப்பாள், கோவிலில் எல்லாரும் ஒரு ராகத்தில் பாடினால் இவள் வேறொரு ராகத்தில் பாடுவாள். ஒருநாள் சொல்லும்போது மதலேன் நல்ல கறுப்பு, இன்னொரு நாள் மாநிறம், சந்தோஷமாக இருக்கிற நாளில் சிவப்பு. ஜெசிந்தாவுக்கு அம்மா என்பது அப்பாவின் வாய்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை, கல்லறைத் திருநாளன்று, அந்த எஸ்டேட்டில் ஒரு வழக்கம் இருந்தது, வேறெங்கும் இருந்ததாகத் தெரியவில்லை. எல்லாரும் அவரவர் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, சாமியார் வந்து மந்திரித்துவிட்டுப் போனபிறகு வீட்டுக்குப் போகாமல் அப்படியே மதலேன் கல்லறையைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். சூசைமாணிக்கம் மனைவியின் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "மதலேன், கேட்டியா" என்று ஆரம்பித்து அந்த வருஷத்தை முழுசாக அவளுக்குச் சொல்வார். யார் பிறந்தது, யார் போனது, யார் வீட்டுக் கூரையைக் குரங்கு பிரித்தது, எந்தப் பெண் யாரைப் பார்த்துச் சிரித்தது, ஒன்றும் விடமாட்டார். நேருக்கு நேர் சொல்ல வாய் வராதவற்றையும் சனங்கள் முதல்நாளே அவரிடம் சொல்லி வைத்திருப்பார்கள். கோழியைத் திருடினாள் என்று பழி போட்டவள் அங்கே உட்கார்ந்திருக்க, "மதலேன், கேட்டியா, கோழிய மரநாய்தான் தூக்கிட்டுப் போயிருக்கு, நம்ம மேல் லைன்காரி ரொம்ப வருத்தப்படுறா" என்று அவர் செத்தவளிடம் சொல்வார். உயிரோடு இருக்கிற இரண்டு பெண்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிட்டக் கிட்ட நகர்ந்து உட்காருவார்கள். விபூதி பூசியவர்களும் வந்து உட்காருவார்கள், ஏனென்றால் அவர்களுடைய வருஷமும் அதில்தான் இருந்தது.

இப்படிப்பட்ட மனுஷருக்கு விடாத மழையில் தொண்டை கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாய் திறக்காமல் வெளியே வந்தபோது, கோவில் வாசலில் நின்ற அத்தனை பேருடைய பையிலும் மடியிலும் போன்கள் கத்த ஆரம்பித்தன. எத்தனையோ பொங்கலுக்கு யார் யாரோ அனுப்பிய வாழ்த்துகளும், எப்போதோ பிறந்து இப்போது நடந்துகொண்டிருக்கும் பிள்ளைகளின் படங்களும், எப்போதோ முடிந்துபோன கல்யாணங்களுக்கு அழைப்புகளும் வந்து கொட்டின. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சித்தப்பா சீரியஸ் என்கிற செய்தியை வாசித்து, அவர் செத்து அடக்கமாகி வருஷங்கள் ஆனது தெரிந்திருந்தும், ஒருத்தி அங்கேயே உட்கார்ந்து இன்னொருமுறை அழுதாள்.

மிளகுக் கஷாயத்தில் தொண்டை திறந்து அவர் "அப்பாடா" என்று சொன்ன நிமிஷத்தில் சிக்னல் போய்விட்டது. சூப்பர்வைசர் காளியப்பன் அவரைப் பேசச் சொல்லியும் நிறுத்தச் சொல்லியும் மாற்றி மாற்றிச் சோதித்துப் பார்த்து, சூசைமாணிக்கம் வாயை மூடிக்கொண்டிருக்கும்போது அவரைச் சுற்றி இரண்டு லைனுக்கும் சிக்னல் எட்டுகிறது, பேசினால் போய்விடுகிறது என்று முடிவு சொன்னார். இதில் யாருக்கும் ஆச்சரியம் ஏற்படவில்லை. மலைக்காரர்களுக்கு ஆச்சரியப்பட நேரம் கிடையாது. அவர் பேசாமல் உட்கார நாற்காலியை எங்கே போடுவது என்பதுதான் கேள்வியாக இருந்தது, மேல் லைன்காரர்கள் மேலே என்றார்கள், கீழ் லைன்காரர்கள் கீழே என்றார்கள், கடைசியில் நடுவில் கோவில் சுவரை ஒட்டிப் போட்டு, நனையாமல் இருக்க மேலே தகரம் அடித்துக் கொடுத்தார்கள். எஸ்டேட் ஆபீசுக்கும் போன் வேண்டியிருந்ததால் மருந்து டப்பாவை இறக்கி வைக்கச் சொல்லி, உட்கார்ந்திருப்பதையே வேலையாகப் பதிந்துகொண்டார்கள்.

முதலில் காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் என்றுதான் பேச்சு. ஆனால் கேட்டவர்கள் எல்லாருக்கும் நியாயமான காரணம் இருந்தது. பிள்ளைகளுக்குப் பாடம், பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் முடிவு சொல்வதாக இருந்தது, திருப்பூரில் மகனுக்கு அம்மை போட்டிருந்தது. "அஞ்சு நிமிஷம்ண்ணே" என்று வந்து நிற்பார்கள், அவர் வாயெடுத்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு தலையாட்டுவார். பிலோமினா மகனின் முகத்தை முதல்முறையாகப் போனில் பார்த்தபோது அவன் சட்டை இல்லாமல், எலும்பு தெரிய, அழுக்கு பனியனோடு நின்றான். அன்றைக்கு அவள் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு சூசைமாணிக்கத்தை நிமிர்ந்து பார்த்தாள், அவர் வேறு பக்கம் பார்த்தார்.

அவர் மனதாரச் சம்மதித்த நாளும் ஒன்று உண்டு. டிராக்டர் ஓட்டும் குருசப்பனின் பெண்டாட்டிக்குப் பிரசவ வலி கண்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றார்கள். குருசப்பன் ஓடிவந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று போன் போட்டான், சூசைமாணிக்கம் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார், ஆம்புலன்ஸ் மலையேறி வந்தது, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். செய்தி வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள், அவர் மட்டும் வாயைப் பொத்திய கையை எடுக்காமல் தோள் குலுங்க அழுதார். அன்றைக்கு ராத்திரி சோறு கொண்டுவந்த பிலோமினாவிடம், பக்கத்துக் குடித்தனம் கேட்காதபடி ரகசியக் குரலில் சொன்னார்:

"மதலேன் போன அன்னிக்கு நான் எவ்வளவு கத்துனேன் தெரியுமா தங்கச்சி. கத்தாம இருந்திருந்தா வண்டி வந்திருக்கும் போலருக்கு."

அதன் பிறகு அவரிடம் யாரும் அஞ்சு நிமிஷம் கேட்க வேண்டியிருக்கவில்லை, அவரே நாள் முழுக்கக் கொடுத்துவிட்டார்.

ஜெசிந்தா பொள்ளாச்சியில் ஒரு கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு விடுமுறைக்கு அவள் மலையேறி வந்தபோது கடைசி வளைவு திரும்பியும் போனில் கோடுகள் குறையாததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள், வயசுப் பிள்ளை, சந்தோஷப்படாமல் என்ன செய்வாள். இறங்கி நடந்தபோது தகரக் கூரையின் கீழே அப்பா உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றித் தரையிலும் சுவரிலும் கவிழ்த்துப் போட்ட கூடைகளிலும் எஸ்டேட்டே உட்கார்ந்திருந்தது, எல்லார் தலையும் குனிந்திருந்தது. இவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்து வாய் திறந்தது, திறந்த வாயைச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டு, மகளுக்குத் தட்டில் மூடி வைத்திருந்த வடையைக் காட்டினார்.

வீட்டிலாவது பேசலாம் என்றால் லைன் வீடுகளுக்கு நடுவில் ஒரே சுவர்தான், அதுவும் கூரை வரை போகாத சுவர். சோற்றைப் போட்டுக்கொண்டு, "உங்கம்மா இருந்தான்னா இந்நேரம்" என்று அவர் தொடங்கினால் அந்தப் பக்கத்திலிருந்து, "அண்ணே, பய லைன்ல இருக்கான்" என்று குரல் வரும். ஜெசிந்தாவுக்கும் அதில் பெரிய குறை தோன்றவில்லை. அவள் போனில் அவளுடைய தோழிகள் இருந்தார்கள், அப்பா எதிரே கையால் ஏதோ சாடை காட்டினால் தலையாட்டினாள், என்ன சாடை என்று பார்க்கவில்லை. ஒரே ஒருமுறை, கீழ் லைனில் இன்னாசி இறந்தபோது, அவளுக்கு ஏதோ உறுத்தியது. முன்பெல்லாம் சாவு விழுந்தால் சூசைமாணிக்கம் வீடு வீடாகப் போய் வாசலில் நின்று சொல்வார், சொன்ன வாயோடு அந்த வீட்டு ஆளையும் கையோடு கூட்டிக்கொண்டு போவார். இப்போது குரூப்பில் செய்தி வந்தது, கைகூப்பிய படங்களும் கண்ணீர் விடுகிற முகங்களும் வரிசை வரிசையாக வந்து விழுந்துகொண்டே இருந்தன, பெட்டி தூக்க ஆள் பத்தவில்லை. சூசைமாணிக்கம் நாற்காலியை விட்டு எழுந்து போய் ஒரு பக்கம் தோள் கொடுத்தார், அவர் போன வழியெல்லாம் சிக்னலும் கூடவே போனதால் வீட்டிலிருந்த சிலர் எரிச்சலோடு வெளியே எட்டிப் பார்த்தார்கள், எட்டிப் பார்த்த பிறகுதான் சவ ஊர்வலம் போவதைக் கண்டார்கள்.

இதையெல்லாம் அவள் மனதில் எழுதிக்கொண்டாள், ஏனென்றால் கல்லூரியில் அவளுக்கு ஒரு கருத்தரங்கு இருந்தது, போனிலேயே பேச வேண்டிய கருத்தரங்கு. தொழில்நுட்பச் சார்பும் உள்ளூர்ச் சமூக வாழ்வும் என்பது தலைப்பு. நன்றாகப் பேசுகிறவர்களுக்குச் சென்னையில் மேல்படிப்புக்குச் சிபாரிசு கிடைக்கும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார், மலையிலிருந்து இறங்க ஜெசிந்தாவுக்கு அதைவிட்டால் வேறு படி கிடையாது. அவர்கள் குறித்த நாள் கல்லறைத் திருநாளாக அமைந்துவிட்டது.

அன்றைக்கு சூசைமாணிக்கம் கிளம்பும்போதே முகம் தெளிவாக இருந்தது. குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தார். வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சு உள்ளே நெருக்கிக்கொண்டு நின்றது போல் மார்பை அடிக்கடித் தடவிக்கொண்டார். சிக்னல் அவரோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனதால் ஜெசிந்தாவும் போனாள், எஸ்டேட் முழுவதும் போனது. முன்பு வெறுங்கையோடும் பூவோடும் வந்தவர்கள் இந்த முறை போனைத் தூக்கிப் பிடித்தபடி, "இந்தா பாரு, அப்பாவுக்கு வெள்ளையடிச்சாச்சு, இந்தப் பக்கம் உங்க பெரியம்மா" என்று கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் செத்தவர்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வர முடியாதவர்கள் அங்கே அழுவதைப் பார்த்து இவர்களும் இங்கே அழுதார்கள். அது பொய்யான அழுகை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

சாமியார் மந்திரித்துவிட்டுப் போனார். சூசைமாணிக்கம் மதலேனின் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மெழுகுவத்தியைக் காற்றுக்கு மறைத்து நட்டு, தொண்டையைச் செருமினார். எல்லாப் போனிலும் படம் நடுங்கியது.

"அண்ணே, அஞ்சு நிமிஷம்" என்றான் குருசப்பன். "மாமனார் மாமியார் பேரப்புள்ளையப் பார்த்துக்கிட்டிருக்காங்க."

"எங்க அம்மாச்சி கல்லறைய இன்னும் காட்டவே இல்லண்ணே" என்றாள் இன்னொருத்தி.

அவர் மகளைப் பார்த்தார். ஜெசிந்தா ஏற்கெனவே காதில் மாட்டியிருந்தாள், திரையில் அவளுடைய பேர் வந்துவிட்டது.

"அப்பா, எனக்கு இப்பத்தான்ப்பா ஆரம்பிக்கிறாங்க. முடிச்சதும் பேசு. அம்மா எங்கயும் போயிட மாட்டாங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். ஜெசிந்தா இரண்டு கல்லறைகளுக்கு நடுவே நின்று பேசினாள், நன்றாகத்தான் பேசினாள். விடுதியில் ஒரே அறையில் இருக்கிறவர்கள் எதிர்க் கட்டிலில் இருப்பவளுக்குக் காய்ச்சல் என்பதைப் போனில் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொன்னாள். ஒருநாள் மின்சாரம் நின்று எல்லாருடைய போனும் அணைந்த பிறகுதான் உனக்கு எந்த ஊர், வீட்டில் யார் யார் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதைச் சொன்னாள். கையிலிருப்பது உலகத்தைக் கிட்டக் கொண்டுவருகிறது, கிட்டே இருப்பவரைத் தூரத்தில் கொண்டுபோய் வைக்கிறது என்றாள். வெளியூரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பேராசிரியருக்கு அது பிடித்திருந்தது.

"உங்க ஊர்லருந்து ஒரு உதாரணம் சொல்லுங்கம்மா."

ஜெசிந்தா நிமிர்ந்தாள். எதிரே அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் உதடு திறந்தது, மூடியது, திறந்தது, மூடியது, கை அம்மாவின் கல்லறைமேல் கிடந்தது.

"எங்க ஊருக்கு இப்பத்தான் சார் சிக்னல் வந்திருக்கு. எல்லாரும் ரொம்ப சந்தோஷமா இருக்காங்க."

"நல்லது. தெளிவாப் பேசினீங்க. மலைன்னு சொன்னாங்க, ஒரு இடத்துலகூட விட்டுப்போகலியே" என்றார் பேராசிரியர்.

கடைசி ஆளும் பேசி முடித்தபோது மெழுகுவத்திகள் பாதிக்குமேல் உருகிவிட்டிருந்தன. "இப்பப் பேசுப்பா" என்று ஜெசிந்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சனங்கள் போனை மடியில் வைத்துக்கொண்டு வட்டமாக நெருங்கினார்கள். சூசைமாணிக்கம் செருமினார், வாய் திறந்தார், உதடுகள் மதலேன் என்று கூடிப் பிரிந்தன, கழுத்து நரம்பு புடைத்தது. பின்வரிசையில் இருந்த ஒருவர் போனைப் பார்த்துவிட்டு, "அட, பேசுறாரு, ஆனா சிக்னல் போகலையே" என்று மகிழ்ச்சியாகச் சொன்னார். எல்லாரும் போனைப் பார்த்தார்கள், கோடுகள் முழுசாக இருந்தன, ஒரு நிமிஷம் எல்லாருக்குமே மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பிறகு அவர் பேசவில்லை என்பது புரிந்தது. உதடு மட்டும்தான் அசைந்தது, சத்தம் வரவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

மிளகு, தேன், சித்தரத்தை, பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் ஆயிற்று. தொண்டையில் ஒன்றும் இல்லை என்றார்கள். தேன்மட்டத்தில் அதற்குப் பிறகு சிக்னல் ஒருபோதும் அறுபடவில்லை. அதில் சந்தோஷப்பட்டவர்கள் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அந்த அளவுக்கு நல்லவர்கள்தான்.

ஜெசிந்தா போனில் அப்பாவின் குரலைத் தேடினாள். அவர் இருக்கிற படங்களெல்லாம் அவர் சும்மா இருக்கிற படங்களாகவே இருந்தன, ஏனென்றால் அவர் சும்மா இருந்தபோதுதான் எல்லாரும் போனை எடுத்தார்கள். அதற்கு முந்தைய நாட்களில் அவர் எப்போதும் பேசிக்கொண்டிருந்தார், எப்போதும் இருப்பதை யார் பிடித்து வைப்பார்கள். திருவிழாவில் அவர் மைக் முன்னால் நிற்கும் ஒரு வீடியோ பிலோமினாவின் மகனிடம் இருந்தது, அதில் அவன் ஒரு சினிமாப் பாட்டைச் சேர்த்துவிட்டிருந்தான், பாட்டுக்கு அடியில் அப்பாவின் வாய் அசைந்தது. பிறகு அவள் வீடு வீடாகப் போய், அப்பா அம்மாவைப் பற்றி என்ன சொல்வார் என்று கேட்டாள். ஒரு வீட்டில் மதலேன் கறுப்பு என்றார்கள், ஒரு வீட்டில் மாநிறம் என்றார்கள். ஒரு வீட்டில் முன்பல் இடைவெளியை மறந்துவிட்டிருந்தார்கள். அவர் சொன்னதைத்தான் எல்லாரும் சொன்னார்கள், அவர் சொன்ன மாதிரி யாருக்கும் சொல்ல வரவில்லை.

சென்னையில் இடம் கிடைத்து அவள் கிளம்பினாள். அப்பா பஸ்வரை வந்து மகளின் கன்னத்தைத் தடவிவிட்டு, மறந்துபோய் வாய் திறந்தார், அதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். அதன் பிறகு தினமும் மத்தியானம் பிலோமினா போனை நாற்காலிக்கு எதிரே ஸ்டூலில் சாய்த்து வைத்துவிட்டுப் போவாள், ஜெசிந்தா அங்கிருந்து பேசுவாள், அவர் பார்த்துக்கொண்டிருப்பார். படம் ஒருநாளும் தடுமாறவில்லை. அவர் முகத்தில் புதிதாக விழுகிற ஒவ்வொரு கோட்டையும் அவளால் பார்க்க முடிந்தது.

ஆடிக் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு நாள் அவள் கல்லூரி கேன்டீனில் நின்று, புது விடுதியைப் பற்றியும் தண்ணீர் உப்பாக இருப்பதைப் பற்றியும், "அம்மா வெச்ச ரசம் மாதிரியே இருக்குப்பா" என்றும் சொல்லிச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கண் இமைக்காமல் அவளையே பார்த்தபடி இருந்தார்.

"அப்பா, கேக்குதா? படம் நின்னுபோச்சுப்பா. அப்புறம் கூப்பிடுறேன்."

வைத்துவிட்டாள். தேன்மட்டத்தில் சிக்னல் முழுசாக இருந்தது. சுற்றிலும் எஸ்டேட்டே உட்கார்ந்திருந்தது, பிள்ளைகள் பாடம் கேட்டார்கள், குருசப்பன் மச்சானோடு பேசிக்கொண்டிருந்தான், காளியப்பன் ஆபீசுக்குக் கணக்குச் சொன்னார். பிலோமினா டீயைக் கொண்டுவந்து நீட்டி, வாங்காமல் இருக்கிறாரே என்று தோளைத் தொட்டபோதுதான் அவர் குளிர்ந்து போயிருந்தது தெரிந்தது. எவ்வளவு நேரமாக என்று யாராலும் சொல்ல முடியவில்லை, சிக்னல் போயிருந்தால் தலைதூக்கிப் பார்த்திருப்பார்கள்.

மதலேனுக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். ஜெசிந்தா வந்து ஒரு பிடி மண் அள்ளிப் போட்டாள். இந்த முறை வீடு வீடாகப் போய்ச் சாவு சொல்ல ஆள் இல்லாததால் பிலோமினாவே நடந்து போய்ச் சொன்னாள், அதனால் கூட்டம் இருந்தது. நாற்காலியைச் சுற்றி சிக்னல் வற்றிவிட்டது, ஆனால் கல்லறைத் தோட்டத்தில் அது குறையாமல் நின்றது. கொஞ்ச நாள் யாருக்கும் அங்கே போக மனம் வரவில்லை. பிறகு யாருக்கோ அவசரம் வந்தது, பிறகு பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்தது, ஐப்பசி மழைக்குமுன் தகரக் கூரையைப் பிரித்து அங்கே கொண்டுபோய் நட்டார்கள்.

அடுத்த கல்லறைத் திருநாளன்று ஜெசிந்தாவுக்குக் காலையில் பரீட்சை, வர முடியவில்லை. சாயங்காலம் பிலோமினா கூப்பிட்டாள். சுண்ணாம்பு அடித்த இரண்டு கல்லறைகளும், செவ்வந்தியும், காற்றில் சாய்கிற சுடர்களும் பளிச்சென்று தெரிந்தன. பின்னால் எஸ்டேட் முழுவதும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செத்தவர்களைக் காட்டிக்கொண்டிருந்தது.

"பார்த்துக்கம்மா. நல்லா வெள்ளையடிச்சிருக்கோம்" என்றாள் பிலோமினா.

"அத்தை, போனை அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வைங்க. இந்த வருஷத்தை நான் சொல்றேன்."

பிலோமினா வைத்தாள். ஜெசிந்தா தொண்டையைச் செருமிக்கொண்டாள். அப்பாவைப் போலவே செருமுகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

"அப்பா" என்றாள்.

இணைப்பு அறுந்தது. மறுபடி போட்டாள், கிடைத்தது, இரண்டு கல்லறைகளும் தெரிந்தன. "அப்பா, நான் ஜெசி" என்றாள், அறுந்தது. மறுபடி வெகுநேரம் முயன்று ஒருமுறை கிடைத்தது, "அன்னிக்குப் படம் நிக்கலப்பா, நான்தான்" என்று அவள் சொல்லத் தொடங்கியதும் அறுந்தது, அதற்குப் பிறகு கிடைக்கவில்லை.

அங்கே தேன்மட்டத்தில் எல்லார் கையிலும் ஒரே நேரத்தில் படம் போயிற்று. தூக்கிய கைகள் தூக்கியபடி நின்றன, தலைகள் நிமிர்ந்தன. ஒருவர் போனைத் தட்டிப் பார்த்தார், ஒருவர் மேடேறிப் பார்த்தார், எங்கும் ஒரு கோடு இல்லை. எப்போது சிக்னல் போகும் என்பது அந்த எஸ்டேட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிலோமினா இரண்டு கல்லறைகளையும் பார்த்தாள்.

"அண்ணன் பேசுறாரு" என்றாள்.

அஞ்சு நிமிஷம் என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொருவராக வந்து சுற்றி உட்கார்ந்து, போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் காதில் விழவில்லை, மண்ணுக்கடியில் மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருப்பதை மேலே இருப்பவர்கள் எப்படிக் கேட்பது. ஆனாலும் சேர்த்து வைத்த இரண்டு வருஷம் இருக்கிறது, மெதுவாகத்தான் முடியும் என்று பனி இறங்கும்வரை உட்கார்ந்திருந்தார்கள். யார் யாருக்கு யார் யாரிடம் என்ன சொல்ல இருந்ததோ, அன்றைக்கு அவரவரே பக்கத்தில் இருந்தவரிடம் தணிந்த குரலில் சொன்னார்கள்.

ஜெசிந்தா சென்னையில் விடுதி வராந்தாவில் நின்று விடாமல் போட்டுப் பார்த்தாள். எதனால் அறுகிறது என்பது அவளுக்கும் புரிந்துவிட்டிருந்தது. அப்பா பேச ஆரம்பித்துவிட்டார், அவள் கூப்பிட்டதும்தான் ஆரம்பித்திருக்கிறார், பேசும்வரைக்கும் எதுவும் அவளை எட்டாது. அவள் போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். அதில் சிக்னல் முழுசாக இருந்தது.